20 வருடமாக யூரியாவும் டிஏபியும் போட்ட நிலத்தில் நுண்ணூட்டச் சத்துகள் தீர்ந்துபோயிருக்குமா? உரத்தை நிறுத்தினால் திரும்புமா?

நீங்கள் இதுவரை மண்ணில் துத்தநாகம், இரும்பு அளந்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பார்த்திருந்தால் கேள்வி வேறு மாதிரி இருந்திருக்கும்.

"தீர்ந்துபோனது" என்ற சொல்லில்தான் குழப்பம். மண்ணில் மொத்தத் துத்தநாகம் பொதுவாகக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு ஹெக்டேரின் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 22 லட்சம் கிலோ. ஆக, 110 கிலோ துத்தநாகம் காலடியில் கிடக்கிறது. ஒரு டன் தானியம் எடுத்துப்போவது 20, 30 கிராம்தான். ஆனால் பயிருக்கு எட்டுகிற பங்கு அந்த 110 கிலோவில் ஒன்றிரண்டு கிலோ மட்டுமே. விளைச்சல் கூடக்கூட, வைக்கோலும் தட்டையும் வெளியே போகப்போக, குறைவது இந்தச் சின்னப் பங்குதான். உரம் சத்தைக் 'கொன்றுவிட்டது' என்பது தவறு. அது விளைச்சலைக் கூட்டியது, நாம் எடுத்ததைத் திருப்பி வைக்கவில்லை.

உடனே உர விற்பனைக்கு வக்காலத்து என்பார்கள். இல்லை. உரம் செய்கிற கேடும் உண்டு, அது வேறு வழியில்.

முதலாவது, அமிலம். அமோனியம் சல்பேட்டில் வரும் ஒவ்வொரு கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) உண்டாக்கும் அமிலத்தைச் சரிசெய்யச் சுமார் 5.4 கிலோ சுண்ணாம்புத்தூள் வேண்டும். யூரியாவுக்குச் சுமார் 1.8 கிலோ. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் நடக்கும் புல்வெளிச் சோதனையில், சுண்ணாம்பு போடாமல் அமோனியம் சல்பேட் தொடர்ந்து போட்ட சில பாத்திகளில் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் மாங்கனீசும் அலுமினியமும் கரைந்து வேரைக் கருக்கும், மாலிப்டினம் என்ற நுண்சத்து பயிருக்கு எட்டாமல் கட்டுண்டுபோகும். சுண்ணாம்பு மண்ணில் கதை நேர்மாறு: அமிலத்தைச் சுண்ணாம்பு விழுங்கிவிடும், பிஎச் அசையாது. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் துத்தநாகம் கரைவது 100 மடங்கு குறையும், இரும்பு 1000 மடங்கு. அதனால்தான் இரும்பு நிறைந்து மண் சிவப்பாக இருந்தும் இளந்தளிர் வெளுக்கிறது.

இரண்டாவது, மணிச்சத்து (பாஸ்பரஸ்). அதைத் தரும் டிஏபி துத்தநாகத்தை மண்ணில் கட்டிப்போடுகிறது என்பார்கள். பாதிதான் சரி. மணிச்சத்து மிகுந்தால் வேரோடு கூடி வாழும் நல்ல பூஞ்சையான வேர் உட்பூசணம் குறையும், துத்தநாகத்தைத் தேடிக் கொடுப்பது அதுதான். பயிரும் வேகமாகப் பெருத்து, உள்ள துத்தநாகம் நீர்த்துப்போகும். இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: சூப்பர் பாஸ்பேட்டில் 11 சதவீதம் கந்தகம் இலவசமாக வந்தது. டிஏபிக்கு மாறியதும் அது நின்றுபோனது.

மூன்றாவது, காட்மியம் என்ற நச்சு உலோகம். இது உரத்துக்கு மூலப்பொருளான பாறைப் பாஸ்பேட்டோடு வருவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு, பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பி2ஓ5-க்கு (மணிச்சத்தைக் கணக்கிடும் வடிவம், டிஏபியில் 46 சதவீதம்) 60 மில்லிகிராம். அந்த வரம்பை முட்டும் டிஏபி ஆண்டுக்கு 100 கிலோ போட்டால் ஹெக்டேருக்கு 2.8 கிராம் சேரும். 30 ஆண்டில் மண்ணில் கிலோவுக்குச் சுமார் 0.04 மில்லிகிராம். சிறிது. ஆனால் அது வெளியேறாது, அமில மண்ணில் பயிருக்குள் ஏறும்.

ஆகவே உரத்தை நிறுத்தினால் திரும்பாது. பிஎச் தானாக ஏறாது, காட்மியம் போகாது, தேங்கிய மணிச்சத்து பல ஆண்டு நிற்கும்.

அளக்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம்: தழை, மணி, சாம்பல் என்று மூன்று எண்ணை அச்சடித்து அதையே மண் அறிக்கை என்று கையில் கொடுக்கிறார்கள். பயிருக்கு எட்டும் பங்கை மட்டும் கரைத்து அளக்கும் டிடிபிஏ முறையில் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு நான்கையும், வெந்நீர் முறையில் போரானையும் கேட்டு வாங்குங்கள். இரும்பு 4.5, மாங்கனீசு 2, செம்பு 0.2 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு மில்லிகிராம்) கீழே என்றால் பற்றாக்குறை. துத்தநாகத்துக்கு எல்லை 0.6 முதல் 1.2 வரை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். எந்த எல்லை என்று கேளுங்கள்.

மாதிரி எடுக்கையில் தகர வாளி ஆகாது, அதன் பூச்சே துத்தநாகம். துருப்பிடித்த மண்வெட்டி இரும்பைக் கூட்டிக்காட்டும். பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி அல்லது எவர்சில்வர் கரண்டி போதும். வரப்பு, மரநிழல், எருக்குவியல் தவிர்த்து 10, 15 இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுங்கள். சலிக்க நைலான் சல்லடை. பித்தளை வேண்டாம், அதில் செம்பும் துத்தநாகமும் உண்டு.

துத்தநாகம் குறைந்திருந்தால் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், 21 சதவீதம் உள்ளது. மணலோடு கலந்து தூவுங்கள். டிஏபியோடு ஒரே கலவையில் போட்டால் துத்தநாக பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். நின்ற பயிருக்கு 100 லிட்டர் நீரில் 500 கிராம் துத்தநாக சல்பேட், 250 கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிந்த நீர் கலந்து இலையில் தெளியுங்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் இலை கருகும். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு சல்பேட்டை மண்ணில் போடுவது வீண், இலையில் தெளியுங்கள். போரானைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அதில் மிகக் குறைவு, போராக்ஸ் ஹெக்டேருக்கு 10 கிலோ தாண்டக் கூடாது.

தொழுவுரம் கட்டுண்டதை அவிழ்க்கும், போடுங்கள். கோழி எரு, பன்றி எரு என்றால் மட்டும் கவனம்: தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் அதில் தங்கியிருக்கும். 3 ஆண்டு கழித்து அதே இடங்களில் மறுபடி மண் எடுத்துப் பாருங்கள்.