மலைமேல் ஒரு சதுப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் ஹெலிகாப்டரில் கற்களைக் கொண்டுபோய் மலைமேல் இருக்கும் சதுப்பு நிலத்தைச் சீரமைப்பதாகப் படித்தேன். மலையில் ஏது சதுப்பு? அதற்குக் கல் எதற்கு? (வாசகர், ஈரோடு)

பதில்: நீங்கள் படித்தது மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே உள்ள பீக் மாவட்ட மலைகளைப் பற்றியதாக இருக்கலாம். மழையும் குளிரும் மிகுந்த அந்த மேட்டுநிலத்தில் செத்த பாசியும் புல்லும் முழுதாக மக்குவதில்லை. நீரில் ஊறியபடியே அடுக்கடுக்காகப் படிந்து, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் ‘பீட்’ என்னும் கரிய மண்ணாகின்றன. இதில் பெரும்பங்கு, தன் உலர் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கும் ஸ்பேக்னம் பாசிக்கு உரியது. தொழிற்புரட்சிக் காலம் தொட்டு, அவ்விரு நகரங்களின் நிலக்கரிப் புகையில் கலந்திருந்த கந்தகம் அந்தப் பாசியை ஏறக்குறைய அழித்துவிட்டது. தீயும் அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சலும் சேர்ந்துகொள்ள, கிண்டர் ஸ்கௌட், பிளீக்லோ போன்ற 600 மீட்டரைத் தாண்டிய மேடுகளில் பல இடங்கள் புல் பூண்டற்ற கரிய வெளியாயின. மழைநீர் அறுத்த ஓடைகள் சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் ஆழமாக இறங்கின.

கற்கள் இந்த ஓடைகளுக்காகத்தான். வண்டிச் சக்கரம் புதையும் நிலம் என்பதால் அவற்றை வான்வழியே இறக்குகிறார்கள். ஓடைக்குக் குறுக்கே சிறு தடுப்புகள் அமைந்ததும் நீரின் வேகம் தணிந்து, அது அடித்து வரும் மண் அங்கேயே தங்குகிறது. வெற்று மண்மீது ஹெதர் புதரின் வெட்டிய தழையைப் பரப்பி, அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பும், கூடவே உரமும் தூவி முதலில் புல் விதைக்கிறார்கள்; புல்வேர் மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகே பாசி நாற்றைக் கையால் நடுகிறார்கள். 2003 முதல் ‘மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்’ என்ற கூட்டமைப்பு இப்பணியைச் செய்துவருகிறது. குடிநீர் நிறுவனங்களும் அதில் பங்காளிகள். கரைந்து வரும் பீட் கீழேயுள்ள நீர்த்தேக்கத்தைப் பழுப்பாக்கினால், தெளியவைக்கும் செலவு அவர்கள் தலையில்தானே விழும்!

கேள்வி: நீர் தேங்குவதால் பறவைகளுக்கு என்ன பயன்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதன்மையாக இரை. பொன்னிற உப்புக்கொத்தியின் குஞ்சுகள், பறக்கத் தெரியாத அந்த வயதிலேயே, தாமாக நடந்து இரை தேட வேண்டியவை. மே இறுதியிலும் ஜூனிலும் மண்ணிலிருந்து கூட்டமாக வெளிவரும், கொசுவைப் போன்ற நெடுங்கால் கிரேன் ஈக்களே அவற்றுக்கு முக்கிய உணவு. இந்த ஈயின் புழு ஈரமான மேல்மண்ணில்தான் பிழைக்கும். ஆகவே ஒரு கோடையில் மண் காய்ந்தால், பட்டினி கிடப்பது அடுத்த ஆண்டின் குஞ்சு. வடிகால்களை அடைத்த நிலங்களில் இந்த ஈக்கள் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டன்லின் என்னும் சிறிய உள்ளான் வகையும் இத்தகைய ஈரமேட்டிலேயே கூடு வைக்கிறது.

கேள்வி: இவ்வளவு சிரமப்படாமல் மரம் நட்டுவிடலாமே? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நட்டுப் பார்த்தார்கள். வடக்கு ஸ்காட்லாந்தின் ‘ஃப்ளோ கன்ட்ரி’ பீட் நிலத்தில், 1980களில் வரிச்சலுகையை நாடிய செல்வந்தர்களின் முதலீட்டில் ஊசியிலை மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. அதற்காக உழுது வடிகால் வெட்டியதாலும், மரங்கள் நீரை உறிஞ்சியதாலும் நிலம் காய்ந்தது. எதிர்ப்பு வலுத்து, 1988இல் அரசு அச்சலுகையை நிறுத்தியது. இப்போது ஃபோர்சினார்ட் பகுதியில் அதே மரங்களை வெட்டி உழுசால்களை அடைக்கிறார்கள். ஃப்ளோ கன்ட்ரி 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கேள்வி: எங்கள் பகுதியின் தேங்காய் நார்த்தூள் பீட்டுக்கு மாற்றாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது. அந்த மலைச் சதுப்புகள் பிழைப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: சதுப்புகள் பிழைப்பதில் உண்டு, மலைச் சதுப்புகளில் அவ்வளவாக இல்லை. தொட்டிச் செடிகளுக்கான பீட் பெரும்பாலும் அயர்லாந்து, பால்டிக் நாடுகள் போன்றவற்றின் தாழ்நிலச் சதுப்புகளிலிருந்து எடுக்கப்படுவது. நார்த்தூள் குறைப்பது அந்தத் தேவையைத்தான். ஆனால் தூளில் உள்ள உப்பு, ஏற்றுமதிக்கு ஏற்ற ‘ஈ.சி.’ (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) அளவுக்கு இறங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ நிறைய நன்னீர் வேண்டியிருக்கிறது என்பதும், கழுவிய நீரை அப்படியே நிலத்தில் விட்டால் பக்கத்துத் தோட்டக் கிணறு கெடும் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலையின் தூளை மட்டுமே நான் பீட்டுக்குச் சரியான மாற்று என்பேன்.