மகள் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் புராஜெக்ட் கேட்கிறாள், விடலாமா?

உங்கள் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. இறுதியாண்டு புராஜெக்டில், மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து டிஎன்ஏவை வெட்டும் நொதியைத் தேடப் போகிறேன் என்கிறாள்; தலைப்பில் உள்ள ஆங்கிலப் பெயர் அந்த நொதிக்குத்தான். "அதெல்லாம் அம்பது வருஷப் பழசு, இப்ப கிரிஸ்பர் காலம்" என்று, ஜீனைத் திருத்தும் புதிய கருவியைக் காட்டி உறவினர் சொன்னதிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

செய்யட்டும் அம்மா. புராஜெக்டாக இது நல்ல தேர்வு. இந்த ஒரு நொதி வகையை மட்டுமே நம்பி வேலை தேடினால்தான் சிரமம். அது வேறு, இது வேறு.

உறவினர் பழசு என்று சொல்வதன் தொடக்கம் எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் ஸ்மித், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா என்ற பாக்டீரியா வெளி டிஎன்ஏவை எப்படி உள்ளே எடுத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பி22 என்ற வைரஸின் டிஎன்ஏவைக் கொடுத்தபோது அது சிதைந்துபோனது. அவரும் மாணவர் கென்ட் வில்காக்ஸும் அதைக் கழித்துவிடாமல், பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாற்றில் டிஎன்ஏவைக் கலந்து அதன் பிசுபிசுப்பை அளந்தார்கள். நீளமான டிஎன்ஏ உள்ள கரைசல் கெட்டியாக இருக்கும்; வெட்டுப்பட்டால் இளகிவிடும். வைரஸ் டிஎன்ஏ இளகியது, பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏ இளகவில்லை. சொந்த டிஎன்ஏவில் வெட்டுமிடங்களின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி இருப்பதால் நொதி அதைத் தொடுவதில்லை. 1970-இல் இது வெளியானது. அடுத்த ஆண்டே டேனியல் நேதன்ஸும் கேத்லீன் டன்னாவும் அந்த நொதியால் எஸ்வி40 வைரஸின் டிஎன்ஏவை 11 துண்டுகளாக்கிக் காட்டினார்கள். 1978-இல் ஸ்மித், நேதன்ஸ், சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஆர்பர் மூவருக்கும் நோபல் பரிசு.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை இப்படிப் போகும். பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, சாற்றை லாம்டா வைரஸின் டிஎன்ஏவுடன் மெக்னீசியம் உப்பு சேர்த்து 37 டிகிரியில் வைப்பார்கள். பிறகு டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓட்டுவார்கள். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் தொடர்; அதில் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மட்டும் வெட்டும் நொதி இருந்தால் தெளிவான பட்டைகள் விழும். ஈகோஆர்1 என்ற நொதி ஜிஏஏடிடிசி வரிசையைக் கண்டால் வெட்டும். லாம்டா டிஎன்ஏவின் 48,502 எழுத்து ஜோடிகளில் அது 5 இடத்தில் வருவதால் 6 துண்டுகள் கிடைக்கும். கண்டபடி வெட்டும் நொதியாக இருந்தால் ஜெல் முழுக்கத் தேய்த்ததுபோல் ஒரே தீற்றல்தான். முதல் சாற்றில் பெரும்பாலும் தீற்றலே வரும். அப்புறம் சாற்றை, புரதங்களைப் பிரிக்கும் காலம் (column) என்ற குழாய்க்குள் விட்டு, குழாய் குழாயாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது, அநேகமாக, ஏற்கெனவே தெரிந்த வரிசையை வெட்டும் நொதியாகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் அவள் சலிக்கிறாளா, அடுத்த குழாயைச் சோதிக்க ஓடுகிறாளா என்று கவனியுங்கள். அவளுக்கு ஆய்வு ஒத்துவருமா என்பதை எந்த மதிப்பெண் பட்டியலையும்விட அது உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும். புரதத்தைப் பிரித்தெடுக்கவும் ஜெல்லைப் படிக்கவும் கற்றுக்கொண்டால் தடுப்பூசி நிறுவனத்திலும் மரபணுப் பரிசோதனைக் கூடத்திலும் அது உதவும்.

கிரிஸ்பர் வந்தபிறகும், ஒரு ஜீனை வெட்டி வேறு டிஎன்ஏவில் ஒட்டிப் பெருக்கும் ஜீன் குளோனிங்குக்கு இந்த நொதிகளைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். நோயறிதலுக்கும் இவை வழிகாட்டின. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-இலேயே கண்டறியப்பட்ட, ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் குறைபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீனில் ஓர் எழுத்து மாறுவதால் எம்எஸ்டி2 என்ற நொதி வெட்டும் இடம் அங்கே அழிந்துவிடுகிறது. வெட்டுப்படாத துண்டைப் பார்த்தே குறைபாட்டைச் சொல்லிவிடலாம்.

புது நொதிகளை இப்போது கணினியிலும் தேடுகிறார்கள். வெட்டும் நொதிகளின் ஜீன்கள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போவதில்லை. மெத்தில் குறி வைக்கும் நொதியின் ஜீனில் மாறாத பகுதிகள் உண்டு. அதனால் முதலில் அதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்கும் ஜீனைப் பார்ப்பார்கள். இந்த நொதிகளைத் தொகுத்துவைத்திருக்கும் ரீபேஸ் என்ற தரவுத்தளம் இலவசம். கல்லூரியில் வசதி குறைவென்றால் இந்தப் பாதியையாவது வீட்டிலிருந்தே செய்யலாம்.

சரி, வருமானம். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவு, இதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி.க்கு ஜாம், கேட்-பி தேர்வுகளை மூன்றாம் ஆண்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அதன்பின் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், 2023 முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆனால் பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு அவள் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை இருந்தால், எம்.எஸ்சி. முடித்ததும் வேலைக்குப் போகும் வழியையும் இப்போதே அவளோடு பேசிவிடுங்கள்.

புராஜெக்ட் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த பாக்டீரியாவை வளர்க்கப்போகிறார்கள், அது நோய் உண்டாக்காத வகைதானா? ஜெல்லுக்கு எத்திடியம் புரோமைடு சாயம் என்றால், அது டிஎன்ஏவோடு ஒட்டக்கூடியது. கையுறையும், புறஊதாக் கதிருக்கு முகக்கவசமும் தருகிறார்களா? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.