செட் வேறு, ஓஎஸ் வேறு: கம்பத்திலிருந்து கேள்வி பதில்

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு மேலே போய் வருபவர்கள், குமுளிக் கடைக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள் எனப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, சாம்சங் வாங்கலாமா, ஆண்ட்ராய்டு வாங்கலாமா? (கூடலூர்)

தம்பி, சாம்சங் என்பது செட்டைச் செய்யும் கம்பெனி. ஆண்ட்ராய்டு அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது ஓஎஸ். காலையில் கேரளா எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டு மலைக்கு ஏறும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப்புதான் செட், டிரைவர்தான் ஓஎஸ். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் டிரைவர் ஏறாமல் ஸ்டாண்டை விட்டு நகராது. கூகுளின் ஆண்ட்ராய்டு சாம்சங், விவோ, ஷாவ்மி, மோட்டோரோலா என்று பல கம்பெனி வண்டிகளை ஓட்டும். ஆப்பிளின் ஐஓஎஸ் ஐபோனைத் தவிர வேறு எந்தப் போனையும் தொடாது. ஆகவே சாம்சங் ஸ்மார்ட்போன் வாங்கினால் ஆண்ட்ராய்டும் கூடவே வந்துவிடும்.

அப்படியென்றால் விவோவும் சாம்சங்கும் ஏன் ஒரே மாதிரி இல்லை?

ஆண்ட்ராய்டுக்கு மேலே ஒவ்வொரு கம்பெனியும் தன் சட்டையைப் போட்டுவிடுகிறது. சாம்சங்கில் அதற்கு ஒன் யூஐ என்று பெயர், ஷாவ்மியில் ஹைப்பர் ஓஎஸ். அடியில் இருப்பது ஒன்றுதான்.

கம்பம்மெட்டு தாண்டினால் நெட் நின்றுவிடுகிறது. அப்டேட் போட்டால் சரியாகுமா? (தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்கா)

அப்டேட் தேவையில்லை அக்கா. தமிழ்நாடும் கேரளாவும் தொலைபேசிக் கணக்கில் தனித்தனி வட்டம். மலை ஏறியதும் போன் கேரளா டவரைப் பிடிக்கிறது. பல போன்களில் இதை ரோமிங், அதாவது சொந்த வட்டத்துக்கு வெளியே இருப்பது, என்றே எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் பேச முடியும், நெட் மட்டும் வராது. அதைப் போட்டுவிடுங்கள். நம் நாட்டுக்குள் பெரும்பாலான பிளான்களில் இதற்குத் தனிக் காசு கிடையாது. அப்போதும் வரவில்லையென்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். போன் டவரைப் புதிதாகத் தேடும்.

அப்பாவின் ஜியோ பட்டன் போனில் வாட்ஸ்அப் போய்விட்டது. செட் கெட்டுவிட்டதா? (லோயர் கேம்ப்)

செட் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஓடுவது கைஓஎஸ் என்ற வேறொரு ஓஎஸ். 2018இல் அதற்கு வாட்ஸ்அப் வந்தது. 2024இல் வாட்ஸ்அப் கம்பெனியே புதிதாக இறக்கிக்கொள்வதை நிறுத்தியது, அப்புறம் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் நின்றது. சிம்பியன் என்ற ஓஎஸ் ஓடிய நோக்கியாவின் பழைய போன்களுக்கும் 2017இல் இதேதான் நடந்தது. ரிப்பேர் என்று யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பேசுவதற்கு அந்தப் போன் அப்பாவுக்குப் போதும்.

குமுளியில் பழைய போன் வாங்கினேன். யாருடையதோ ஜிமெயில் கேட்கிறது. வேறு சாப்ட்வேர் ஏற்றித் தருவீர்களா?

மாட்டேன் தம்பி. போனை அழித்தாலும் பழைய அக்கவுண்டைக் கேட்கும் இந்தப் பூட்டு ஆண்ட்ராய்டு 5.1 முதல் உண்டு. ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே வந்துவிட்டது. திருடியவன் போனை அழித்துவிட்டு விற்கக் கூடாது என்பதற்காக வைத்தது. விற்றவரைத் தேடிப் பிடித்து, அவர் கையாலேயே பாஸ்வேர்டு போட்டு அக்கவுண்டை நீக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இனி பழைய போன் வாங்குமுன் *#06# அடியுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு வரும். அது வண்டியின் சேஸ் நம்பர் மாதிரி. டிரைவரை மாற்றினாலும் அது மாறாது, மாற்றுவது சட்டப்படி குற்றம். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது என்ன போன் என்று பதில் வரும். கையில் இருப்பது வேறு மாடலாக இருந்தால் வாங்காதீர்கள்.

டச் சரியாக வேலை செய்யவில்லை. சாப்ட்வேர் போட்டால் போதும் என்கிறார்கள். (கம்பம்)

எப்போதும் ஒரே இடத்தில், ஒரு பட்டை மட்டும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்ப்ளே கோளாறு. சாப்ட்வேரை எத்தனை முறை ஏற்றினாலும் மாறாது. குறிப்பிட்ட ஒரு ஆப்பைத் திறக்கும்போது மட்டும் திணறினால் சாப்ட்வேரைச் சந்தேகப்படலாம். நீங்கள் ஏற்றிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் நீங்கள் ஏற்றிய ஏதோ ஒரு ஆப்தான் காரணம், அதை எடுத்தால் போதும்.

வண்டன்மேட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு வேறொரு கடையில் கேட்காமலே சாப்ட்வேர் போட்டுவிட்டார்கள். டச் கோளாறு அப்படியே இருந்தது, சாப்ட்வேர் ஏற்றியதில் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள்தான் அழிந்துபோய்விட்டன. என்னிடம் கொண்டுவந்தார், என்னாலும் எடுத்துத் தர முடியவில்லை. அன்று அவர் அழுததை மறக்க முடியவில்லை. ஆகவே எந்தக் கடையிலும், என் கடையிலும்கூட, போனைக் கொடுக்குமுன் படங்களை வேறு இடத்தில் ஏற்றிவையுங்கள். "அழியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.