செம்பனை (பாமாயில்) ஆலைக்கு லைசென்ஸ் இருந்தும் ஆற்றில் ஏன் கறுப்புத் தண்ணீர்?

எங்கள் தோட்டத்துப் பக்கம் எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. லைசென்ஸ் என்றால் கழிவே விடக்கூடாது என்று அர்த்தமில்லை. எவ்வளவு விடலாம் என்பதுதான் அதில் இருக்கும்.

மலேசியாவின் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. அளவுகோல் பிஓடி. அதாவது கழிவைத் தின்னும் கிருமிகள் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன். ஆலையிலிருந்து சுடச்சுட வரும் கழிவில் இது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். சட்ட வரம்பு 1978இல் 5,000. படிப்படியாக 1984இல் 100. கழிவைத் தேக்கிச் சுத்திகரிக்கும் குளம் வெட்ட ஆலைகளுக்கு அவகாசம் கொடுத்தது கெட்டிக்காரத்தனம் என்பேன். கட்டணமும் வைத்தார்கள்: ஒரு டன் பிஓடிக்கு 10 ரிங்கிட், வரம்பை மீறியதற்கு 100.

சிக்கல் குளத்தில்தான். எங்கள் ஊர் ஆலையின் முதல் குளத்தில் சேறு மேலே வந்து புல்லே முளைத்திருந்தது. தூர் வாராவிட்டால் ஆழம் குறையும், கழிவு தங்காமல் ஓடிவிடும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரும் தேயிலைச் சாயம் போலத்தான் இருக்கும். மீன் செத்து மிதந்தால், நாற்றம் அடித்தால், தேதி, நேரம், படத்தோடு சுற்றுச்சூழல் துறையில் புகார் கொடுங்கள்.