திருமண நாளுக்கு ஆளில்லாத தீவு ரிசார்ட்டுக்குப் போவது செலவுக்குத் தகுமா? சிங்கப்பூரிலிருந்து எங்கே போகலாம்?

"நாங்கள் இருவர் மட்டும், சுற்றிலும் கடல், வேறு ஆளே இருக்கக் கூடாது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள், சாப்பாடு எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2019இல் நானும் கிட்டத்தட்ட இதே சொற்களைத் தட்டித்தான் தேடினேன்.

முதலில் பதில்: போகலாம். ஆனால் உங்கள் திருமண நாள் எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. நம்மவர் என்பதால் தை அல்லது ஆவணி என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஆவணி என்றால் கவலையே இல்லை. மலேசியாவின் மெர்சிங் துறைக்குப் போய்ப் படகு ஏறுங்கள், தியோமான் தீவு அழகாக இருக்கும். தை என்றால் கொஞ்சம் உட்காருங்கள், பேச வேண்டும்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொன்னவர் தென்சீனக் கடலைப் பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர் வயலுக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, இந்தப் பக்கம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, சில வருடம் மார்ச் வரைக்கும், மலேசியாவின் கிழக்குக் கரையில் நேராக வந்து மோதும். தியோமான், ராவா, சீபு எல்லாம் அந்தக் கரைத் தீவுகள். பல ரிசார்ட்டுகள் அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிடும், மெர்சிங் படகுகளும் குறைந்துவிடும். இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் வடக்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் இதே காற்றுதான். போதாததற்குத் தை மாதமும் சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும், அறை வாடகை ஏறி நிற்கும். அதாவது நாம் நல்ல முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டிக்கொள்ளும் மாதமும், கடல் மிக மோசமாகவும் அறை மிக விலையாகவும் இருக்கும் மாதமும் ஒன்றே. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜோசியரும் சொல்லவில்லை.

எங்கள் கல்யாணம் 1999 தையில், மன்னார்குடிப் பக்கம். தேனிலவு என்று ஒன்று நடந்தது. ஒரே வேனில் பதினொரு பேர், நவக்கிரகக் கோயில் ஒன்பதும் மூன்றே நாளில், மாமனார் முன்சீட்டில். அப்புறம் சிங்கப்பூர், வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடு, கூடவே என் அம்மா, இரண்டு பிள்ளைகள், பிஎஸ்எல்இ, ஓ லெவல் என்று அவர்கள் பள்ளித் தேர்வுகள். இருபதாவது வருடம் நெருங்கியபோது என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, "யாரும் 'அம்மா'ன்னு கூப்பிடாத ஒரு இடத்துக்கு ரெண்டு நாள் போகணும்" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது.

"காசுக் கொழுப்பு" என்று ஒருவர் எழுத வருவார், தெரியும். ஐயா, நான் கிடங்கில் வேலை பார்க்கிறவன். இரண்டு இரவு, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,400 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ஆனது. இருபது வருடத்தில் ஒரு தடவை. அந்தக் காசைப் பேங்கில் போட்டிருக்கலாம் என்று என் தம்பியே சொல்லிவிட்டான், நீங்கள் வேறு சொல்ல வேண்டாம்.

லீவு கேட்கப் போனதும் ஒரு கதை. அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 21. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு வருடா வருடம் பால்குடம் எடுத்து நடக்கிறேன், அதற்கு ஒரு நாள் லீவு போட்டாயிற்று. பிப்ரவரி 5, 6 சீனப் புத்தாண்டு விடுமுறை. அதற்கும் முந்தைய சனி, ஞாயிறுக்கும் நடுவில் 4ஆம் தேதி திங்கட்கிழமை மட்டும் கேட்டேன். "போன மாதம்தானே எடுத்தீர்கள்?" என்றார் மேலாளர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 1968 வரைக்கும் தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. விடுமுறைகளைக் குறைத்தபோது தீபாவளியா தைப்பூசமா என்று வந்து தீபாவளி நின்றது. மற்ற மதத்தினரும் ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்தார்கள் என்பது எனக்கும் தெரியும், பாடம் எடுக்க வராதீர்கள். என் லீவில் ஒரு நாளை முருகனுக்குக் கொடுப்பதில் வருத்தமும் இல்லை. ஆனால் அதை ஏதோ நான் ஊர் சுற்றப் போன கணக்கில் எழுதுகிறார்களே, அதுதான் எரிகிறது. சரி, விடுங்கள். லீவு கிடைத்தது.

நான் பிடித்தது பிந்தானின் கிழக்குக் கரையிலிருந்து படகில் போகிற ஒரு குட்டித் தீவு. மரக் குடில்கள், டிவி கிடையாது, ஏசி கிடையாது. பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் பெரிய தப்பும் இல்லை. பதிவு செய்கிறபோது "அந்த வாரம் கடல் எப்படி இருக்கும்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். நான் பார்த்ததெல்லாம் கைப்பேசியில் மூன்று நாளுக்கும் வரிசையாக நின்ற சூரியப் படம். சூரியன் சரியாகத்தான் வந்தது. காற்றுக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையிலிருந்து பிந்தானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாதி வழியில் படகு ஏறி ஏறி இறங்க ஆரம்பித்தது. பணியாளர் ஒருவர் இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து வந்து காகிதப் பை கொடுத்துக்கொண்டே போனார், பேருந்தில் டிக்கெட் கொடுக்கிற மாதிரி. என் மனைவி இரண்டு வாங்கிக்கொண்டாள். ஒன்று எனக்கு. (வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி முன்னாலேயே போட்டுவிடுங்கள். ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.) அங்கே இறங்கினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், பிறகு ஒரு மணிக்கும் மேல் காரில், அதற்கப்புறம் சின்னப் படகு. சாதாரணமாக இருபது நிமிடமாம். அன்றைக்கு முக்கால் மணி. இடுப்பிலிருந்து கீழே நனைந்து, தலை கலைந்து, மாலையும் கழுத்துமாகப் போயிருக்க வேண்டியவர்கள் கரை ஒதுங்கிய மரக்கட்டை போல இறங்கினோம்.

வானம் அப்படியொரு நீலம். மணல் அரிசி மாவு மாதிரி. கடற்கரையில் சிவப்புக் கொடி. மூன்று நாளில் இரண்டரை நாள் அந்தக் கொடி இறங்கவில்லை. தென்னை ஓலை இரவெல்லாம் படபடவென்று அடித்ததில், ரயிலடியில் படுத்த மாதிரிதான் தூங்கினோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இதைக் கவனமாகப் படியுங்கள். தனித் தீவு என்றால் கடை கிடையாது, அவர்கள் சமைப்பதுதான். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சைவம், நாங்கள் போய் இறங்கியது சனிக்கிழமை. இரவுக்கு மீன். சைவம் என்றதும் சமையல்காரர் தலையாட்டிவிட்டுச் சோறும் வதக்கிய கங்கோங் கீரையும் கொண்டுவந்தார். கீரையில் இறால் வாசம். இந்தப் பக்கத்து சம்பலிலும் கீரையிலும் இறால் விழுது சேர்ப்பார்கள், இங்கே பிளாச்சான் என்கிறோமே, இந்தோனேசியாவில் தெராசி. அவர்களுக்கு அது அசைவக் கணக்கில் வராது, நம் சமையலில் பெருங்காயம் மாதிரி. "தன்பா தெராசி" என்று சொல்ல வேண்டும், தெராசி இல்லாமல் என்று பொருள். அது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்தாள். சோறு, பொடி, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய நல்லெண்ணெய்ப் பாட்டில் ஒன்று, அவர்கள் பொரித்துத் தந்த தெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற கட்டி). சமையல்காரர் நின்று பார்த்துவிட்டு விரலில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார். மறுநாள் டப்பா பாதி காலி. அவரிடம் இவளே ஒரு பிடி தந்துவிட்டாளாம்.

இனி ஆளில்லாத தீவில் என்ன செய்வது? இதை யாரும் எழுத மாட்டார்கள். கடலில் இறங்க முடியாது, கைப்பேசியில் சிக்னல் கிடையாது, எதிரே இருபது வருடமாகக் கூடவே இருக்கிற ஆள். முதல் நாள் மதியத்துக்குள் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள், அம்மாவின் முழங்கால், வீட்டுக் கடன், முடிந்தது. அவள் கடலைப் பார்த்தாள், நான் அவள் பார்க்கிற கடலைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மாலையில் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். படகு வடிவத்தில் செதுக்கிய ஒரு மரப் பலகை, பக்கத்துக்கு ஏழு குழி, இரு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று. "என்னங்க, பல்லாங்குழி!" என்றாள். மலாய்க்காரர்கள் சொங்காக் என்பார்கள். முனையில் இருக்கும் பெரிய குழி ஆட்டக்காரரின் வீடு, கடந்து போகும்போதெல்லாம் நம் வீட்டில் ஒரு சோழி போட வேண்டும். நம் ஆட்டத்தில் அப்படி வீடு கிடையாது. அங்கே வேலை பார்த்த பையன் அவர்கள் முறையைச் சொல்லிக் கொடுத்தான், இவள் கேட்பாளா? குழியில் நாலு சோழி சேர்ந்ததும் "பசு!" என்று அள்ளிக்கொண்டாள். பையன் என்னைப் பார்த்தான். பசு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் போதவில்லை. "லெம்பு" என்றேன். அவன் பலகையில் மாட்டைத் தேடினான்.

அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், நினைவில்லை. சோழிகளை உள்ளங்கையில் குவித்து, ஒவ்வொன்றாக விடும்போது கட்டைவிரலால் தள்ளுகிறாள். அவள் பாட்டி அப்படித்தான் விடுவாராம். பாட்டி ஏமாற்றுவது, சித்தப்பா கோபித்துப் பலகையைக் கிணற்றில் போட்டது, அதைப் பாதாளக் கரண்டி போட்டு எடுத்தது என்று அன்றைக்கு ராத்திரி வரை பேசினாள். எல்லாம் நான் கேட்காத கதை. இருபது வருடம் கூட இருந்தும் கேட்காத கதை. அந்த ஆட்டம் எல்லாவற்றிலும் நான் தோற்றேன்.

அதனால் தகுமா என்றால், எனக்குத் தகுந்தது. கடலுக்காக இல்லை. கடல்தான் வேண்டும் என்றால் தையில் மேற்குப் பக்கம் போங்கள். லங்காவி அந்தமான் கடலில் இருக்கிறது, டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே நல்ல காலம், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மாலத்தீவுக்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம்தான், நாலரை மணி நேர விமானம். ஆனால் தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானத்தில் போக வேண்டும், அது பகலில் மட்டுமே பறக்கும். இரவில் போய்த் தலைநகர் மாலேயில் இறங்கினால் ஓர் இரவு அங்கேயே தங்கும் செலவு. கடல் விமானக் கட்டணத்தையும் வரியையும் கேட்காமல் அறை விலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். உங்களில் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் இந்தோனேசியா, மலேசியா விசா விதிகளைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகின்றன. இதெல்லாம் வேண்டாம் என்றால் சிங்கப்பூரிலேயே மரினா சவுத் பியரில் படகேறி செயிண்ட் ஜான் தீவில் இறங்கி, நடந்தே லாசரஸ் தீவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆளில்லாத தீவு இல்லை, ஆனால் வாந்திப் பை தேவைப்படாது.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தெரிந்தவர்கள் யாராவது இங்கே வந்து போட்டுக்கொடுப்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் காலை காற்று சற்றுத் தணிந்தது. தீவின் மறுபக்கம், முழங்கால் தண்ணீரில் இறங்கலாம் என்றார்கள். அலை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று அவள் தாலிக் கொடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் போட்டிருந்தது பாக்கெட் இல்லாத டீசட்டை. மணலில் வைக்க மனம் வரவில்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பையன் எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தான். சிங்கப்பூர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் அதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் மன்னார்குடியிலிருந்து பெரியம்மாவின் அழைப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "அவ கழுத்து மூளியா இருக்கு, உன் கழுத்துல கிடக்கு. என்னடா நடக்குது அங்க?" மரபை நான் கேலி செய்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பத்திரமாக வைக்க அதைவிட நல்ல இடம் எனக்கு அப்போது தெரியவில்லை. "சட்டையில பாக்கெட் இல்ல பெரியம்மா" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அந்த வருடம் சித்திரையில் ஊருக்குப் போனபோது எனக்கென்று துணி எடுத்துத் தைத்து வைத்திருந்தார். முழுக்கைச் சட்டை, மார்பில் இரண்டு பாக்கெட், இரண்டுக்கும் பொத்தான்.