கேள்வி பதில்: வீட்டுக் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பேக்கப் டிஸ்க்

லினக்ஸ் கணினி ஒன்றில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, வீட்டிலுள்ள மற்ற கணினிகளையும் அதிலேயே பேக்கப் எடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை இங்கே.

கேள்வி: இரண்டு லினக்ஸ் கணினிகள், ஒரு விண்டோஸ் லேப்டாப். மூன்றிலும் சேர்த்து 600 ஜிபி இருக்கும். புதிதாக வாங்கிய 2 டிபி டிஸ்க் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், லினக்ஸின் சொந்த ஃபைல் அமைப்பான எக்ஸ்டி4 ஆக மாற்றிவிடுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஃபைலின் உரிமையாளர், அனுமதிகள், சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறிப்பு), ஹார்டு லிங்க் எதுவும் நிற்காது. புகைப்படங்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை. ஆனால் எஸ்எஸ்ஹெச் சாவி ஃபைலை (வேறு கணினிக்குள் நெட்வொர்க் வழியாக நுழையப் பயன்படும் ரகசிய ஃபைல்) எக்ஸ்ஃபேட்டில் வைத்து எடுத்தால், எல்லோரும் படிக்கக்கூடிய ஃபைலாகத் திரும்பி வரும். எஸ்எஸ்ஹெச் அதை ஏற்கவே ஏற்காது. ஹார்டு லிங்க் ஏன் அவசியம் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

ஃபார்மட் செய்தபின் இரண்டு வேலை உண்டு. எக்ஸ்டி4, மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிவைக்கும். 2 டிபி டிஸ்க்கில் அது 100 ஜிபி. சிஸ்டம் டிஸ்க்குக்குத்தான் அந்த ஒதுக்கீடு தேவை. பேக்கப் டிஸ்க்கில் 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையின் 'எம்' ஆப்ஷனில் 0 கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அடுத்தது, புதிய எக்ஸ்டி4-இன் மேல்மட்ட ஃபோல்டர் பெரும்பாலும் ரூட் பெயரில்தான் இருக்கும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள். 'சௌன்' கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும். 2 டிபி வாங்கியும் 1.8 என்று காட்டுகிறதே என்றும் பலர் கேட்கிறார்கள். தயாரிப்பாளர் 1000-இன் மடங்கில் எண்ணுகிறார், கணினி 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. இடம் எங்கும் காணாமல் போகவில்லை.

கேள்வி: வாரம் ஒருமுறை, ஃபைல்களை நகலெடுக்கும் 'ஆர்சிங்க்' கட்டளையை 'டெலீட்' ஆப்ஷனுடன் ஓட்டுகிறேன். போன மாதம் தவறுதலாக அழிந்த ஒரு ஃபோல்டரைத் தேடினால் பேக்கப்பிலும் இல்லை. என்ன தவறு செய்தேன்?

பதில்: கட்டளையில் தவறில்லை. நீங்கள் எடுத்தது பிரதிபிம்பம், அவ்வளவுதான். 'டெலீட்' என்றால் மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழி என்று பொருள். ஃபோல்டர் அழிந்தது உங்களுக்குத் தெரியும் முன்பே அடுத்த வாரத்து ஓட்டம் அதைப் பேக்கப்பிலிருந்தும் துடைத்துவிட்டது. டிஸ்க் எரிந்துபோனால் இந்த முறை காப்பாற்றும். கை தவறினால் காப்பாற்றாது. வீடுகளில் அதிகம் நடப்பதோ இரண்டாவதுதான்.

தேதிவாரியாகத் தனித்தனி ஃபோல்டர் வையுங்கள். ஒவ்வொரு முறையும் 600 ஜிபி பிடிக்குமே என்றால், பிடிக்காது. ஆர்சிங்க்கின் 'லிங்க்-டெஸ்ட்' ஆப்ஷனில் முந்தைய தேதியின் ஃபோல்டரைக் காட்டினால், மாறாத ஃபைல்களை நகலெடுக்காமல் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர் மட்டும் போட்டுவைக்கும். இதுதான் ஹார்டு லிங்க். எந்தத் தேதியைத் திறந்தாலும் முழு பேக்கப் தெரியும். இடம் பிடிப்பதோ மாறிய ஃபைல்கள் மட்டும்.

தடுக்கி விழும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். லிங்க்-டெஸ்டுக்குக் கொடுக்கும் பாதை '/' குறியில் தொடங்காவிட்டால், அது நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து எண்ணப்படாது. நகல் போய்ச்சேரும் ஃபோல்டரிலிருந்து எண்ணப்படும். பாதை தவறினால் ஒரு எச்சரிக்கை வரியோடு முழு 600 ஜிபியும் மறுபடி நகலாகும். அந்த ஒரு வரி கண்ணில் படாமலே ஓடிவிடும் என்பதால் முழுப் பாதையையே எழுதுங்கள். சரியாக நடந்ததா என்று பார்க்க, ஃபோல்டர் பிடிக்கும் இடத்தைக் காட்டும் 'டியூ' கட்டளைக்குப் பழைய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்துக் கொடுங்கள். பழையது 600 ஜிபி, புதியது 2 அல்லது 3 ஜிபி என்று வந்தால் லிங்க் வேலை செய்கிறது. இரண்டுமே 600 என்றால் செய்யவில்லை. தனித்தனியாக ஓட்டினால் இந்த வித்தியாசம் தெரியாது.

மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோட்டிலும் கவனம் வேண்டும். கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். ஒரு வாரம் கோட்டுடன், மறுவாரம் கோடில்லாமல் ஓட்டினால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகிவிடும், லிங்க் ஒன்றும் பொருந்தாது. கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவைத்து, முதல் தடவை 'ட்ரை-ரன்' ஆப்ஷனுடன் ஓட்டிப் பாருங்கள். எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும்.

பாதியில் மின்சாரம் போனால்? ஓடும்போது ஃபோல்டருக்கு 'முழுமையடையாதது' என்பது போல ஒரு தற்காலிகப் பெயர் வையுங்கள். ஆர்சிங்க் பிழையின்றி முடிந்த பிறகே ஸ்கிரிப்ட் அதைத் தேதிக்கு மாற்றட்டும். அப்போது தேதியுள்ள ஃபோல்டர் எல்லாம் முழுமையானவை என்று நம்பலாம். பழைய தேதி ஃபோல்டரைத் திறந்து அங்கேயே ஃபைலைத் திருத்தவும் கூடாது. எல்லாத் தேதிகளிலும் இருப்பது ஒரே ஃபைல்தான் என்பதால் திருத்தம் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

உலாவியின் 'கேஷ்' ஃபோல்டர், குப்பைத்தொட்டி இரண்டையும் 'எக்ஸ்க்ளூட்' ஆப்ஷனால் தள்ளிவைத்தால் நேரம் நிறைய மிச்சம். மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஃபைல்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 40 ஜிபி ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் 40 ஜிபியும் புதிதாக இடம் பிடிக்கும்.

கேள்வி: டைம்ஷிஃப்ட் ஓடுகிறது. அது போதாதா?

பதில்: போதாது. டைம்ஷிஃப்ட் காப்பது சிஸ்டம் ஃபைல்களை. ஹோம் ஃபோல்டரை அது இயல்பாகவே விட்டுவிடும். சிஸ்டத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். ஹோமில் இருக்கும் படங்களை எங்கிருந்து நிறுவுவது?

கேள்வி: இரவில் தானாக ஓடும்படி வைத்திருந்தேன். ஒருநாள் கணினியின் உள் டிஸ்க் நிரம்பி லாகினே ஆகவில்லை. எக்ஸ்டெர்னல் டிஸ்க்கோ அலமாரியில் இருந்தது.

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். டிஸ்க் மவுன்ட் ஆகாதபோது, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைக்கப்படாதபோது, மவுன்ட் ஆகவேண்டிய இடம் உள் டிஸ்க்கில் ஒரு சாதாரண ஃபோல்டர்தான். ஆர்சிங்க்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உள் டிஸ்க்கிலேயே கொட்டிவிடும். இதன் பின்விளைவாக, அடுத்து டிஸ்க்கைச் செருகும்போது பெயருக்குப் பின்னால் '1' ஒட்டிக்கொண்டு வேறு இடத்தில் மவுன்ட் ஆகும். ஸ்கிரிப்ட் பழைய பாதையிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் சோதித்து, மவுன்ட் ஆகவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆகவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கை அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடியால் குறித்து, 'நோஃபெயில்' என்று சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் கணினி தடையின்றி துவங்கும். இன்னொரு தாழ்ப்பாளும் உண்டு. டிஸ்க் செருகாத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சிஹெச்ஆட்டர்' கட்டளையில் 'கூட்டல் ஐ' கொடுத்துவிட்டால், ரூட்டாலும் அதில் எழுத முடியாது. டிஸ்க்கை அதன்மேல் மவுன்ட் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து டிஸ்க்குக்கு அனுப்புவதா, லினக்ஸிலிருந்து இழுப்பதா?

பதில்: இழுப்பதுதான் நல்லது. டிஸ்க்கை எழுதும் அனுமதியோடு நெட்வொர்க்கில் பகிர்ந்தால், லேப்டாப்பில் புகுந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸில் பயனர் ஃபோல்டரைப் 'படிக்க மட்டும்' என்று பகிர்ந்து, லினக்ஸில் விண்டோஸ் பகிர்வுகளுக்கான 'சிஐஎஃப்எஸ்' வழியாக மவுன்ட் செய்து இழுங்கள். இங்கே ஆர்சிங்க்கின் 'ஏ' ஆப்ஷனுக்குப் (அனுமதி, உரிமையாளர் உட்பட எல்லாம்) பதில் 'ஆர்' (உள் ஃபோல்டர்கள்), 'டி' (நேரம்) இரண்டும் போதும். விண்டோஸ் அனுமதிகள் லினக்ஸில் அப்படியே வராது. மெயில் மென்பொருள் திறந்திருந்தால் அதன் ஃபைல் பூட்டப்பட்டிருக்கும், நகலாகாது. மூடிவிட்டு ஓட்டுங்கள். லேப்டாப் அணைந்திருக்கும்போது வெற்று பேக்கப் உருவாகாமலிருக்க, இந்த மவுன்ட்டுக்கும் மேலே சொன்ன அதே சோதனை வேண்டும்.

கேள்வி: டிஸ்க் தொலைந்தால் மற்றவர் படிக்காதபடி பூட்ட முடியுமா?

பதில்: முடியும். உபுண்டுவிலோ மிண்டிலோ 'டிஸ்க்ஸ்' செயலியில் எக்ஸ்டி4 ஃபார்மட் செய்யும் திரையிலேயே லக்ஸ் (லினக்ஸில் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் முறை) கடவுச்சொல் வைக்கும் தேர்வு இருக்கிறது. டிஸ்க் முழுதும் அழியும் என்பதால் முதல் நாளே செய்யுங்கள். கடவுச்சொல் மறந்தால் யாராலும் திறந்துதர முடியாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் லக்ஸ் தலைப்புப் பகுதி சிதைந்தாலும் அதே கதிதான். அதனால் 'கிரிப்ட்செட்டப்' கட்டளையின் 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' மூலம் அதன் நகலை எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். அதே டிஸ்க்கில் வைத்துப் பயனில்லை.

கேள்வி: நகலெடுத்து முடிந்ததாகக் காட்டியது. கேபிளைப் பிடுங்கினால் கடைசி ஃபைல்கள் காலியாக இருக்கின்றன.

பதில்: லினக்ஸ் முதலில் ராமில் வாங்கிக்கொண்டு பின்னால் நிதானமாக டிஸ்க்கில் எழுதும். அன்மவுன்ட் செய்யுங்கள், அது சில நிமிடம் எடுத்தால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முடிந்தபின் கழற்றுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக ஒழுங்காக எடுக்கிறேன். தேவைப்படும்போது திரும்பக் கிடைக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய தேதி ஒன்றிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு இடத்துக்கு மீட்டு, படத்தைத் திறந்து, ஆவணத்தைத் திறந்து பாருங்கள். முடிந்தால் வேறு கணினியில் செய்யுங்கள். அங்கே உங்கள் பயனர் எண் 1000-க்குப் பதில் 1001 ஆக இருந்தால் ஃபைல்கள் வேறொருவர் பெயரில் தெரியும். இதையும் 'சௌன்' சரிசெய்துவிடும்.

ஆர்சிங்க் வழக்கமாக ஃபைலின் அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். டிஸ்க்கில் உள்ளே பழுதான ஃபைல் இந்த இரண்டிலும் மாறாமல் இருக்கும் என்பதால் அது சொல்லாது. வருடத்துக்கு ஒருமுறை 'ட்ரை-ரன்', உள்ளடக்கத்தையே ஒப்பிடும் 'செக்சம்' ஆப்ஷன்களைச் சேர்த்து, கடைசி பேக்கப்பை மூலத்தோடு ஒப்பிடுங்கள். இரு பக்கமும் எல்லா ஃபைல்களையும் முழுதாகப் படிக்க வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 600 ஜிபிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். சிறு ஃபைல்கள் அதிகமென்றால் இன்னும் கூடும். நீங்கள் தொடாத ஃபைல் மாறியதாக வந்தால் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' தொகுப்பிலுள்ள 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை கொண்டு டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். யூஎஸ்பி டிஸ்க் சிலவற்றுக்கு 'டி சாட்' என்று சேர்த்தால்தான் பதில் வரும். மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி), நிலுவையிலுள்ள செக்டர் எண்கள் 0-விலிருந்து ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

அந்தப் பழைய டிஸ்க் சாகும்வரை காத்திருக்காமல் இரண்டாவதை இப்போதே வாங்குங்கள் என்றே சொல்வோம். தேதி ஃபோல்டர் முப்பது இருந்தாலும், மாறாத ஒரு படம் டிஸ்க்கில் பதிந்திருப்பது ஒரே ஒரு இடத்தில்தான். அந்த இடம் கெட்டால் முப்பதிலும் கெட்டதுதான். இரண்டு டிஸ்க்கையும் வாரம் மாற்றி வாரம் செருகி, ஓய்வில் இருப்பதை வேறு வீட்டில் வையுங்கள்.