விழப்போகும் பிள்ளையை உடனே தாங்கலாமா?

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவும் சமநிலையும் குறைவது) உள்ள பிள்ளைகளின் சமநிலைப் பயிற்சி பற்றி வன்னியில் இருந்து வந்த கேள்விகளுக்கு இயன்மருத்துவர் (பிசியோதெரப்பிஸ்ட்) ஒருவரின் பதில்கள்.

மல்லாவியில் இருந்து ஓர் அம்மா: மிஸ், மகனுக்கு ஐந்து வயது. இருத்தினால் பக்கவாட்டில் சரிகிறான். இரண்டு நேரமும் எண்ணெய் பூசிக் கைகாலை நீட்டி மடக்கி விடுகிறோம். போதுமா?

போதாது, அம்மா. எண்ணெய் பூசுவது அவனுக்குச் சுகம்தான், விடவேண்டாம். ஆனால் நீங்கள் மடக்கிவிடும்போது வேலை செய்வது உங்கள் கை. உடம்பு சரிகிற நேரத்தில் எந்தத் தசையை இறுக்குவது என்பதை அவனே செய்து செய்துதான் பழகவேண்டும்.

சின்ன வாங்கு ஒன்றில் இருத்துங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படியவேண்டும். எட்டாவிட்டால் கீழே பலகை வையுங்கள். நீங்கள் முன்னால் இருந்து இடுப்பை மட்டும் பிடியுங்கள். அவனுக்குப் பிடித்த சாமானை, கை எட்டும் தூரத்துக்கு நாலு விரல் அப்பால் யாராவது நீட்டட்டும். முதலில் நேரே, அப்புறம் பக்கத்தில், பிறகு நிலத்தில். சரிந்தால் பாய்ந்து தூக்காதீர்கள். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுங்கள். அவன் நிமிரப் பார்த்தால், இடுப்புக்கு மேலே தசை இறுகுவது உங்கள் விரலுக்கே தெரியும். நிமிராவிட்டால் தாங்குங்கள்.

மாங்குளத்தில் இருந்து ஒரு தந்தை: கிளினிக்குக்கு மாதத்தில் ஒருக்காத்தான் போகமுடிகிறது.

பரவாயில்லை, ஐயா. ஆனால் வீட்டில் நாளாந்தம் செய்யவேண்டும். செய்வதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்லித்தருவார்கள்.

புதுக்குடியிருப்பில் இருந்து ஓர் அம்மா: மகளுக்கு எட்டு வயது, இடப்பக்கம் பலம் குறைவு. மணலில் விழுகிறாள். சீமெந்து நிலத்தில் மட்டும் நடக்க விடவா?

வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் வழி மணலும் கிறவலும்தானே, அங்கேயும் நடந்து பழகட்டும். நீங்கள் இடப்பக்கமாகக் கிட்ட நடந்தால் போதும். வீட்டில், கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி, திரும்ப இருக்கச் சொல்லுங்கள். பல் தீட்டும்போது வலது காலை ஒரு கல்லின் மேல் வைத்தால் பாரம் இடது காலுக்கு வரும். களைத்தால் நிறுத்துங்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஓர் அம்மம்மா: பிள்ளை, பேரனுக்குப் பத்து வயது, தலையே நிற்காது. அவனுக்கும் பயிற்சி உண்டோ?

உண்டு, அம்மம்மா. அவனைத் தனியே நிற்கவைக்கப் பாடுபடவேண்டாம். நெஞ்சையும் இடுப்பையும் தாங்கும் கதிரையில் இருத்தி, சாப்பிடும் நேரத்தில் தலையை நிமிர்த்திப் பிடிக்கப் பழக்குங்கள். நீங்கள் அவன் முகத்துக்கு நேரே இருந்து ஊட்டுங்கள். மேலே நின்று ஊட்டினால் தலை பின்னால் போகும், புரைக்கேறும். இன்னொன்று முக்கியம்: நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகக்கூடும், தொடக்கத்தில் வலிக்காது. அடுத்த முறை டொக்டரிடம் இடுப்பு எக்ஸ்ரே பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.